நாலு மணி ஆர்டர்

இந்த மலையாள ஊரின் தமிழ் வகுப்புகளில் பாடம் நடத்தப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு வார்த்தையோடு நான் நிறுத்தியதாகச் சரித்திரம் கிடையாது. கூப்பிட்டவர்களுக்கும் அது தெரியும், பாவம். ஆனாலும் பயப்பட வேண்டாம். நாலு மணிக்கு எனக்கு ஒரு முக்கியமான வேலை இருக்கிறது, அதற்குள் எப்படியும் முடித்துவிடுவேன். அது என்ன வேலை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்களுக்குப் பயிற்சியில் கொடுத்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். பெற்றோர் வீட்டில் பிள்ளைகளோடு சொல் விளையாட்டு ஆட வேண்டும், அதை நாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. நல்ல விஷயம்தான். நானும் அதைச் சொல்லிச் சொல்லியே தொண்டை வற்றினவள். ஆனால் அந்தப் புத்தகத்தில் ஒரு படம் போட்டிருக்கிறார்கள் பாருங்கள், சோபாவில் அப்பா, அம்மா, நடுவில் பிள்ளை, பக்கத்தில் பூந்தொட்டி. அந்த வீட்டுப் பிள்ளை நம்மிடம் படிக்க வராது, அம்மா. நம்மிடம் வருகிற பிள்ளைகளின் அப்பா சாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்குவார், இல்லையென்றால் சாரத்தில் நின்று சுவர் பூசுவார், இல்லையென்றால் ஓட்டலில் கல்லுக்கு முன்னால் வெந்துகொண்டிருப்பார். அந்த வீட்டில் விளையாட்டை எங்கே கொண்டுபோய் வைப்பது? அதை எனக்குக் காட்டித் தந்தது ஒரு வெங்காயக் கூடை.

இசக்கி என்னிடம் வந்தது இரண்டாம் வகுப்பில். ஜன்னல் ஓரத்து பெஞ்சில் உட்காருவாள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். சொன்னதை உடனே செய்வாள். ஆனால் வாயை மட்டும் திறக்க மாட்டாள். வருகைப் பதிவுக்குப் பேர் கூப்பிட்டால்கூடக் கையைத் தூக்குவாளே ஒழிய 'உள்ளேன் டீச்சர்' வராது. டாக்டரிடம் காட்டியாயிற்று. காது நன்றாகக் கேட்கிறது, தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்றுவிட்டார்.

அவளுடைய அப்பா கிழக்கேகோட்டையில், பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்சந்தில் உள்ள ஒரு சைவ ஓட்டலில் புரோட்டா மாஸ்டர். அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். அம்மா மாரியம்மாள் அதே ஓட்டலில் காய் நறுக்குகிறவள். மாடியில் ஒரே ஒரு அறை, அதுதான் வீடு. அவர்கள் பிழைப்புக்காக இங்கே வந்தபோது கைக்குழந்தையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், வள்ளியூர் பக்கத்தில் இருந்த மாஸ்டரின் அக்கா செல்லத்தாயிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அத்தைதான் இசக்கியை வளர்த்தவள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயது வந்த பிறகு கூட்டிக்கொண்டு வந்தார்கள். வந்த நாளிலிருந்து பிள்ளைக்குப் பேச்சு நின்றுபோயிற்று. வீட்டில் ஏதோ 'ம்', 'வேண்டாம்' என்று நடக்கும், வெளியே அதுவும் இல்லை. அங்கே அத்தையிடம் ஓயாமல் வாயாடிக்கொண்டிருந்த பிள்ளை அது.

ஓணப் பரீட்சை முடிந்ததும் மாஸ்டர் என்னைப் பார்க்க வந்தார். மாரியம்மாளும் கூட வந்திருந்தாள்.

"டீச்சர், கிறிஸ்மஸ் பரீட்ச முடிஞ்சதும் எங்கக்கா வந்து பிள்ளயக் கூட்டிட்டுப் போயிருவா. அங்கனயே படிக்கட்டும். இங்க இருந்தா ஊமையாயிருவா போலுக்கு."

நான் சொன்ன சமாதானம் ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை. மாரியம்மாள் அவர் பின்னாலேயே போய்விட்டாள். போனவள், மணி அடித்துப் பிள்ளைகள் எல்லாம் கலைந்த பிறகு தனியாகத் திரும்பி வந்து வகுப்பு வாசலில் நின்றாள்.

"பெத்த பொறவு இப்பத்தான் டீச்சர் அவ எங்கூட இருக்கா. ராத்திரி என் பக்கத்துல கெடக்கா. மறுபடியும் எடுத்துக் குடுத்துருவாவ. நீங்க எதாவது செய்யுங்க டீச்சர், ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன்."

 நான் டீச்சர் குரலில், "வீட்டிலே சொல் விளையாட்டு விளையாடுங்க, மாரி" என்றேன். ஒருவர் ஒரு சொல் சொல்ல வேண்டும். அடுத்தவர் அதையும் சொல்லித் தன் சொல் ஒன்றையும் சேர்க்க வேண்டும். அதற்கடுத்தவர் அந்த இரண்டையும் சொல்லி மூன்றாவதைச் சேர்க்க வேண்டும். இப்படியே சங்கிலி நீளும், மறந்தவர் அவுட். இவ்வளவுதான் ஆட்டம்.

"எப்ப டீச்சர் வெளாடுதது?" என்றாள் மாரியம்மாள். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டாள். எண்ணிப் பார்த்தால் அந்த மூன்று பேரும் விழித்த கண்ணோடு ஒன்றாக இருக்கிற நேரம் நாலு மணிதான். மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்து, சாயங்காலக் கூட்டம் வருவதற்கு முன்னால் ஓட்டலின் பின்பக்கத்தில் எல்லோரும் உட்கார்ந்து சாம்பாருக்கு உள்ளி உரிப்பார்கள். நம் பக்கத்துச் சின்ன வெங்காயம்தான். இசக்கியும் பள்ளிக்கூடம் விட்டு அங்கேதான் வருவாள். "அப்போ உள்ளி உரிக்கும்போதே விளையாடுங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

கொஞ்ச நாள் கழித்து மாரியம்மாள் வந்தாள். முகம் வாடிக் கிடந்தது. "வெளாடுதோம் டீச்சர். ஆனா இப்பம் எங்கிட்டயும் பேச மாட்டுக்கா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கே சாயங்காலம் அந்த ஓட்டலுக்குப் போனேன். பின்பக்கம் போய்ப் பார்த்தால் ஆட்டம் மும்முரமாக நடந்துகொண்டிருக்கிறது. மாஸ்டர், மாரியம்மாள், இசக்கி, நாலாவதாக சப்ளையர் சசி. சசி நெய்யாற்றின்கரைக்காரர், மலையாளி. தமிழர்களோடு வேலை செய்து செய்து, தமிழும் இல்லாத மலையாளமும் இல்லாத ஒரு பாஷை பேசுவார். அந்த மாதிரி ஓட்டல்களில் ஆர்டரை எழுதி வாங்குகிற வழக்கம் கிடையாது, தெரியுமா? சப்ளையர் ஒரு ராகத்தில் நீட்டிக் கத்துவார். மாஸ்டர் அதே ராகத்தில் திருப்பிச் சொல்லுவார். அவ்வளவும் மண்டையில்தான் இருக்கும். அதிலே நம் மாஸ்டர் பெரிய வித்தைக்காரர். எந்த மேஜைக்கு எது, யாருக்கு முறுகல், யாருக்கு எண்ணெய் இல்லாமல், எதுவும் தப்பாது.

அப்படிப்பட்டவர், அதே ராகத்தில், கண்ணை மூடிக்கொண்டு, நீளச் சங்கிலியையும் மூச்சு விடாமல் சொல்லி, தன் சொல்லையும் சேர்த்துவிட்டு, "இப்பம் சொல்லு பாப்போம்!" என்று பிள்ளையைப் பார்த்து மீசையைத் தடவுகிறார். பிள்ளை உதடு துடிக்க உட்கார்ந்திருக்கிறது. "அவுட்!" என்று தொடையைத் தட்டுகிறார். "பின்னெயும் மாஸ்டர் ஜெயிச்சு!" என்று சசி கை தட்டுகிறார். தினமும் இதுதானாம் கதை!

எனக்கு வந்ததே கோபம். "மாஸ்டர், ஏழு வயசுப் பிள்ளைகிட்ட ஜெயிச்சு எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போறீங்களாக்கும்?" என்று கேட்டுவிட்டேன்.

மனிதர் வெலவெலத்துப் போனார். ஆனாலும் விடவில்லை. "ஒரு நா வேணும்னே தோத்துப் பாத்தேன் டீச்சர். அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. மூஞ்சியத் திருப்பிக்கிட்டு மாடிக்குப் போயிட்டா."

அவர் சொன்னதும் சரிதான். வேண்டுமென்றே தோற்கிற பெரியவர்களைப் பிள்ளைகள் லேசில் மன்னிப்பதில்லை. ஜெயித்தாலும் தப்பு, தோற்றாலும் தப்பு. 'நிறுத்துங்கள் இந்த ஆட்டத்தை' என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். வீட்டுக்காரர்களுக்கு விளையாடத் தெரியவில்லை என்று எழுதி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார்கள். மாரியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளிக் காரத்தில் எனக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. எனக்குச் சட்டென்று ஒன்று கேட்கத் தோன்றியது.

"மாஸ்டர், கூட்டம் நெரியும்போது நீங்க ஒரு ஆர்டரை மறந்துட்டா என்ன ஆகும்?"

"நான் எங்க டீச்சர் மறக்கேன்?"

சசி சிரித்தார். "ஐயோ, மறக்கும் மறக்கும்! நான் தூரத்துல நின்னு கைய காட்டும். இப்படிக் காட்டினா பூரி, இப்படிக் காட்டினா ஊத்தப்பம். அப்போ மாஸ்டருக்கு ஓர்ம வரும்."

"அப்போ அடுக்களையிலே யாரும் அவுட் ஆகறதில்லே?"

"அவுட் ஆனா சாப்பிட வந்தவன் எழும்பிப் போயிருவாம்லா?" என்றார் மாஸ்டர்.

"பின்னே இங்கே மட்டும் எதுக்கு அவுட்?" என்றேன் நான்.

அந்த ஒரு கேள்வியில் ஆட்டம் மாறியது. இனிமேல் சங்கிலி எல்லோருக்கும் பொது. ஒருவர் மறந்து நின்றால் மற்றவர்கள் கையால் காட்டலாம், வாயால் சொல்லக் கூடாது. அறுந்தால் எல்லோருக்கும் தோல்வி, நாளைக்கு முதலிலிருந்து. நேற்றைய சங்கிலியைவிட இன்றைக்கு நீளமாக இருந்தால் எல்லோருக்கும் வெற்றி. இதற்கு மேல் அவர்களே சட்டம் போட்டுக்கொண்டார்கள். அன்றைக்குக் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்லாகச் சேர்க்க வேண்டும் என்றாள் மாரியம்மாள், பிள்ளை பள்ளிக்கூடத்தில் என்ன பார்க்கிறாள் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வேறு வழி இல்லை. சசி ஒருநாள் ஒரு பார்சலைக் கொடுக்கப் போய்விட்டுத் திரும்பி வருவதற்குள் மற்றவர்கள் ஒரு சுற்று ஆடிவிட்டார்களாம். ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதித்திருக்கிறார். அதனால் இன்னொரு சட்டமும் வந்தது. தொடங்கும்போது இருந்த எல்லோரும் கடைசிவரைக்கும் இருக்க வேண்டும், மறுநாளும் இருக்க வேண்டும், ஒருவர் குறைந்தாலும் சங்கிலி செல்லாது.

தமிழ், மலையாளம், ஆங்கிலம், எந்தச் சொல்லும் வரலாம் என்று அனுமதி கொடுத்தது நான். எங்கள் ஆசிரியர் அறையில் அதற்கு எனக்கு நல்ல பாட்டு கிடைத்தது. தமிழ் டீச்சரே இப்படிச் செய்யலாமா என்றார்கள். முதலில் பிள்ளை வாயைத் திறக்கட்டும், அப்புறம் எதைப் பேசுகிறாள் என்று பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

கையால் காட்டுவதில் யார் கெட்டிக்காரி என்று நினைக்கிறீர்கள்? இசக்கிதான்! இத்தனை மாதமாகக் கையாலேயே காலம் தள்ளியவள் ஆயிற்றே. தேங்காய் என்றால் அவள் நார் உரித்துக் காட்டுகிற அழகுக்கே நாலு பேர் வேடிக்கை பார்க்கலாம். தன் முறை வரும்போது சொற்களைக் கிசுகிசுவென்று சொல்லவும் ஆரம்பித்தாள். அப்புறம் ஒருநாள் நடந்ததை மாரியம்மாள் ஓட்டமும் நடையுமாக வந்து எனக்குச் சொன்னாள். இசக்கி அன்று சேர்த்த சொல் 'ஜன்னல்'. இரண்டு சுற்று கழித்து மாஸ்டர் அதிலே மாட்டிக்கொண்டார். இந்தத் தடவை நிஜமாகவே மறந்துவிட்டது. பிள்ளை இரண்டு கையையும் கதவு மாதிரித் திறந்து திறந்து காட்டுகிறாள்.

"பொஸ்தகமா?"

இல்லை என்று தலையை ஆட்டுகிறாள்.

"வாசலா? பீரோவா? ஏளா, மசால் தோசையா?"

பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "ஜன்னல்ப்பா! ஜன்னல்! ஜன்னல்!" என்று கத்தினாளாம். முன்பக்கம் காப்பி குடித்துக்கொண்டிருந்த ஆட்கள் எட்டிப் பார்த்தார்களாம்.

"வாயால சொல்லிப்போயி! சங்கிலி பொட்டிப்போயி!" என்று சங்கிலி அறுந்த துக்கத்தில் சசி தலையில் கையை வைத்துக்கொள்ள, மாஸ்டர் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "பொட்டட்டும்டே, நூறு தடவ பொட்டட்டும்!" என்று அந்த இடத்திலேயே சுற்றினாராம். அன்றைக்கு சாம்பாரில் உள்ளி குறைவு என்று முதலாளி கத்தியதையும் மாரியம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஜன்னலைப் பற்றி ராத்திரி மெதுவாகக் கேட்டிருக்கிறாள். டீச்சர் கேள்வி கேட்கும்போதெல்லாம் நான் ஜன்னலைத்தான் பார்ப்பேன், அப்போ என்னைக் கேட்க மாட்டாங்க என்றாளாம் இசக்கி. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இதோடு கதை முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்? ஆனால் வகுப்பில் அவள் வாய் திறக்கவில்லை. கிறிஸ்துமஸ் பரீட்சை வந்தது. வாய்மொழித் தேர்வில் என் முன்னால் வந்து நின்று ஜன்னலைப் பார்த்தாள். நான் என்ன செய்ய முடியும்? நடந்ததைத்தான் எழுதினேன். "வீட்ல பேசுதா, சரி. பள்ளிக்கூடத்துல பேசலியே டீச்சர்" என்றார் மாஸ்டர். அக்காவை வரச் சொல்லியாயிற்று.

பள்ளி மூடிய மறுநாள் மத்தியானம் மாரியம்மாள் போனில் அழுதாள். "மயினி வந்துட்டாவ டீச்சர். சாய்ங்காலம் ரயிலாம்."

கரமனையில் என் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்தேன். வழி நெடுக மனதுக்குள் ஒரு பிரசங்கம் தயார் பண்ணிக்கொண்டே போனேன். பிள்ளை தாயோடு இருக்க வேண்டும், இடம் மாறினால் மனம் எப்படி ஆகும், இன்னும் என்னென்னவோ. ஓட்டலுக்குள் நுழைந்ததும் அத்தனையும் மறந்துபோயிற்று. கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்து மேஜையில் செல்லத்தாய் உட்கார்ந்திருந்தாள். ஆகிருதியான மனுஷி, கணீரென்ற குரல். மேஜை மேல் ஒரு பொட்டலம் கருப்பட்டி மிட்டாய். பக்கத்தில் இசக்கி, இரட்டைச் சடை பின்னி, ஊருக்குப் போகிற கோலத்தில். காலடியில் அவள் துணிகள் அடைத்த பை.

"நீங்கதான் டீச்சரா? பிள்ள வாயத் தெறக்கலன்னு எழுதுனது நீங்கதான?"

"ஆமா, நான்தான்."

"எங்கிட்ட இருந்த வரைக்கும் விடிஞ்சதுல இருந்து பேசிக்கிட்டே கெடப்பா. இங்க வந்து இப்பிடி ஆயிட்டா. நான் கூட்டிட்டுப் போறதுல என்ன தப்பு? நீங்களே சொல்லுங்க."

 அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த அம்மாளுக்குப் பிள்ளை மேல் உயிர். பிள்ளைக்கும் அத்தை மேல் பாசம். வந்ததிலிருந்து அவள் முந்தானையைத்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் படித்தவள், வாதாடினால் ஒருவேளை ஜெயித்துவிடுவேன். ஆனால் ஜெயித்தால் அவள் மனம் நொந்து போவாள், கோடை விடுமுறைக்கு மறுபடியும் வந்து நிற்பாள். மாஸ்டர் கல்லைத் துடைத்துக்கொண்டே என்னையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் சசி, பழக்க தோஷத்தில், உள்ளிக் கூடையைக் கொண்டுவந்து பின்பக்கத்தில் தொப்பென்று வைத்தார். மணி நாலு.

பிரசங்கத்தை மூட்டை கட்டி வைத்தேன். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். "ரயிலுக்கு நேரம் கிடக்கே. வாங்க, ஒரு ஆட்டம் இருந்துட்டுப் போகலாம்."

"நான் என்ன வெளாடவா வந்திருக்கேன்?"

"விளையாட வேண்டாம். உள்ளி உரிக்க ஆளு காணாது, ஒரு கை கொடுங்க."

அந்த மாதிரி மனுஷிகளுக்குக் கண் முன்னால் வேலை கிடந்தால் கை சும்மா இருக்காது. முனகிக்கொண்டே வந்து உட்கார்ந்து கத்தியை வாங்கினாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். நான் தள்ளி நின்றுகொண்டேன்.

மாஸ்டர் உற்சாகமே இல்லாமல் தொடங்கினார். "தேங்கா லாரி." மாரியம்மாள், "தேங்கா லாரி, மஞ்சக் கொட." சசி, "தேங்கா லாரி, மஞ்சக் கொட, ஆனவண்டி." யானைச் சின்னம் போட்ட நம் ஊர் அரசு பஸ்ஸைத்தான் இங்கே எல்லோரும் ஆனவண்டி என்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும், செல்லத்தாய்க்குத் தெரியாது. கொஞ்ச நேரம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தவள், "எனக்கும் ஒண்ணு இருக்கு. ரயில்ல வரும்போது ரெண்டு மயில் பாத்தேன்" என்றாள்.

"அங்ஙன ஒண்ணு மட்டும் சொன்னா போரா அக்கா! முதல்ல இருந்து, பாட்டா வரணும்" என்றார் சசி.

அவள் தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். 'ஆனவண்டி'யில் நின்றுவிட்டாள். இசக்கி முந்தானையை விட்டுவிட்டு எழுந்து, அத்தைக்கு முன்னால் வந்து, ஒரு கையைத் தும்பிக்கையாக ஆட்டி, அடுத்த கையால் ஸ்டியரிங் வளைத்தாள்.

"யாருளா இது? பிள்ளையாரு வண்டி ஓட்டுதாரா?"

சசி விழுந்து விழுந்து சிரித்தார். மாரியம்மாளும் சிரித்துவிட்டாள். இசக்கி வாயை இறுக மூடிக்கொண்டு, கண்டக்டர் மாதிரிக் கயிற்றை இழுத்து மணியடித்துக் காட்டினாள்.

"ஆனவண்டி!" என்று செல்லத்தாய் தொடையில் அடித்தாள். அடித்த அடியில் உரித்த உள்ளி எல்லாம் உருண்டோடியது. அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை, சங்கிலியை ராகம் போட்டு முழுக்கச் சொல்லி மயிலைச் சேர்த்தாள்.

அடுத்தது இசக்கியின் முறை. அவள் எழுந்து நின்றாள். நான் அதுவரை அவள் குரலை முழுசாகக் கேட்டதே இல்லை. அத்தையின் அதே கணீர்க் குரல்!

"தேங்கா லாரி, மஞ்சக் கொட, ஆனவண்டி, ரெண்டு மயிலு" என்று அப்பாவின் ஆர்டர் ராகத்தில் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு, "என் பை" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்குப் பார்த்ததைத்தானே சொல்ல வேண்டும்? அவள் பார்த்தது அதைத்தான்.

சுற்று மாஸ்டரிடம் வந்தது. "தேங்கா லாரி. மஞ்சக் கொட. ஆனவண்டி. ரெண்டு மயிலு." அதோடு நின்றார். இசக்கி தோளில் வாரை மாட்டுகிற மாதிரிக் காட்டினாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் மறுபடியும் காட்டினாள், இந்தத் தடவை பெரிதாக, முதுகில் சுமை ஏற்றி நடக்கிற மாதிரி.

"சொல்லம்டா" என்றாள் செல்லத்தாய். "அஞ்சாவது. ஒனக்கா தெரியாது?"

"தெரியுதுக்கா. வாயில வர மாட்டுக்கு" என்றார் மாஸ்டர். அந்த ஓட்டலில் ஒரு ஆர்டரும் தவறவிடாத மனிதர், ஒற்றை எழுத்துச் சொல்லைச் சொல்ல முடியாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

 இசக்கிதான் பேசினாள். நாலு மணி ஆட்டத்தில் சட்டம் சட்டம்தான் என்கிற தோரணையில் பேசினாள்.

"சங்கிலி அறுந்துட்டு. நாளைக்கு முதல்ல இருந்து. இன்னைக்கி இருந்த எல்லாரும் நாளைக்கும் இருக்கணும். அத்தையும் இருக்கணும். நானும் இருக்கணும். இல்லன்னா செல்லாது."

"அது சரியாணு" என்றார் சசி. "துடங்கினவங்க எல்லாரும் வேணும்."

செல்லத்தாய் பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த ஊரு உள்ளி நல்ல காரம்" என்றாள். பிறகு குனிந்து அந்தப் பையை எடுத்து மாரியம்மாள் மடியில் வைத்தாள். "இத மேல கொண்டு வையி, மாரி. இவதான் பேசுதாளே. இன்னும் நல்லா பேசுவா. எங்கிட்ட பேசுனதவிடச் சட்டமாப் பேசுதா."

மாரியம்மாள் பையைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். 

"ஆனா நான் எப்பிடி நாளைக்கு இருப்பேன்? ரெண்டு மாடு கெடக்கு அங்க" என்றாள் செல்லத்தாய், நிஜமாகவே கவலைப்பட்டு.

"போன் உண்டல்லோ அக்கா!" என்றார் சசி.

அவள் தனியாகத்தான் ரயிலேறினாள். தம்பானூர் ரயில் நிலையம் வரை எல்லோரும் வழியனுப்பப் போனோம். மறுநாள் நாலு மணிக்கு உள்ளிக் கூடைக்குப் பக்கத்தில் போனை ஒரு தகரச் சம்படத்தின் மேல் சாய்த்து வைத்தார்களாம். வள்ளியூரிலிருந்து மாடு கத்துகிற சத்தத்தோடு சங்கிலி தொடங்கியது. கை காட்டினால் தெரிய வேண்டும் என்று செல்லத்தாய் அடுத்த பொங்கலுக்கே முகம் தெரிகிற போனாக வாங்கிவிட்டாள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்றைக்கு, லீவில் என்ன பார்த்தீர்கள் என்று வகுப்பில் கேட்டேன். இசக்கி ஜன்னலைப் பார்க்கவில்லை. எழுந்து நின்று, ராகம் போட்டு, அவர்களுடைய சங்கிலி முழுவதையும் சொன்னாள். வகுப்பு திகைத்துவிட்டு அப்புறம் கூடவே பாட ஆரம்பித்துவிட்டது. பாதித் தமிழ், பாதி மலையாளம், நடுவில் ஒன்றிரண்டு இங்கிலீஷ். நான் ஒரு சொல்லையும் திருத்தவில்லை. திருத்துகிற நிலைமையில் நான் இல்லை, கர்ச்சீப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அதனால் உங்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். வீட்டுக்கு விளையாட்டைக் கொடுத்தனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கொடுத்தனுப்பிவிட்டு ஒரு தடவை போய்ப் பாருங்கள். அந்த வீட்டில் எந்த நேரத்தில் எல்லோரும் ஒன்றாக உட்காருகிறார்கள், கை என்ன வேலை செய்கிறது, ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். விளையாட்டுக்கு அங்கேயே ராகம் இருக்கும். யாராவது பிள்ளையைத் தோற்கடித்துக்கொண்டிருந்தால் கூச்சப்படாமல் சத்தம் போடுங்கள், ஆனால் அப்புறம் உட்கார்ந்து யோசியுங்கள். எதிர்த்து வருகிறவரோடு வாதாடி நேரத்தைக் கழிக்காதீர்கள், ஸ்டூலை இழுத்துப் போடுங்கள்.

இசக்கி இப்போது எட்டாம் வகுப்பு. பேச்சுப் போட்டியில் அவளை மேடையை விட்டு இறக்குவதுதான் பெரும்பாடு என்று அவளுடைய டீச்சர் என்னிடம் குறைப்படுகிறார். நான் ஓய்வு பெற்ற அன்றைக்கு மாஸ்டர் புரோட்டா பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்து, "டீச்சருக்கு இனி நாலு மணிக்கு என்ன வேல? ஒங்களையும் சேத்தாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒருவர் கூடினால் சங்கிலிக்கு நல்லதாம். அதுதான் என்னுடைய முக்கியமான வேலை. நாலு மணிக்கு யாரும் எனக்குப் போன் செய்யாதீர்கள். நேற்று அறுத்தது நான்தான், செல்லத்தாய் இன்னும் திட்டி முடிக்கவில்லை.

மணி ஆகப்போகிறது. இன்றைக்குப் பார்த்ததில் எதைச் சேர்ப்பது என்று பேசிக்கொண்டே யோசித்துக்கொண்டிருந்தேன். உங்களைத்தான் சேர்க்கப் போகிறேன், 'புது டீச்சர்கள்' என்று. அதைக் கையால் எப்படிக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. இசக்கிக்குத் தெரியும்.